பின்னால் வருகிறவன்

மறைந்து நின்று அம்பு விட்டது அறமா என்று வாலி இராமனைக் கேட்டான். அதே கேள்வியை எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சைக்கிள் பந்தயத்தை வைத்து என்னிடம் கேட்டான். நான் கம்மாபுரம் பக்கத்தில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். கம்பராமாயணம், பாரதம் என்று சுற்றுவட்டார ஊர்களில் இன்னும் பேசப் போகிறேன். வாலி வதையில் இராமன் பக்கமும் பேசியிருக்கிறேன், வாலி பக்கமும் பேசியிருக்கிறேன். எந்தப் பக்கம் பேசினாலும் கைதட்டல் கிடைத்துவிடும். ஆனால் இந்தப் பையனுக்குக் கைதட்டல் வாங்கும் பதிலைச் சொல்லி அனுப்ப முடியாது.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். சென்னைப் பக்கம் நடந்த ஒரு மாநிலப் போட்டியில் ஸ்பிரிண்ட் என்ற சைக்கிள் பந்தயம் ஓட்டிவிட்டு வந்திருந்தான். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் செருப்பு வாரை நோண்டிக்கொண்டிருந்தவன், பிறகு சொன்னான்:

“முன்னால போனவன் பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போனேங்க ஐயா. கடைசி வளைவுல வெளிய எடுத்து முந்திட்டேன். செயிச்சது நான்தான். ஆனா அந்தப் பையனோட அப்பா வந்து, ‘எம்புள்ள காத்தை உடைச்சுக் குடுத்தான், நீ அவன் முதுகுல ஒளிஞ்சு வந்து செயிச்சிட்ட, இதெல்லாம் ஒரு செயிப்பா’ன்னு கேட்டாரு. அதுலேர்ந்து மனசே சரியில்ல. நான் பண்ணது தப்பாங்க ஐயா?”

அந்தப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று அவனையே சொல்லச் சொன்னேன். அவன் செல்பேசியில் காட்டிய பந்தயங்களையும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, நான் பல வருடம் மேடையில் பேசிய ஒரு விஷயம் கண்ணெதிரே ஓடுவது போல் இருந்தது.

உலகப் போட்டிகள் நடக்கும் தளம் 250 மீட்டர் சுற்றளவு. மரப்பலகை போட்ட கிண்ணம் மாதிரி இருக்கும். வளைவுகளில் 42 டிகிரி அளவுக்குச் சாய்வு. சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்தி உருட்ட முடியாது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக, ஓட்டத்திலேயே வந்து, 200 மீட்டர் ஓட்டி நேரம் பதிகிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் அதை 9.088 வினாடியில் கடந்தார். மறு வருடம், 2025 ஆகஸ்டில், துருக்கியின் கோன்யாவில் மாத்யூ ரிச்சர்ட்சன் 9 வினாடிக்கும் கீழே போய்விட்டார். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த நேரம் யார் யாரோடு மோதுவது என்பதைத்தான் முடிவு செய்யும். அதற்குப் பிறகு இருவர் இருவராக மூன்று சுற்று. அங்கே கடிகாரத்துக்கு வேலையில்லை. கோட்டை முதலில் தொட்டவன் வென்றான்.

விஷயம் இந்த மூன்று சுற்றில்தான் இருக்கிறது. அந்த வேகத்தில் ஓட்டுகிறவன் செலவழிக்கும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. அவன் முதுகை ஒட்டி வருகிறவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சம். போதாததற்கு, பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனைப் பார்த்துக்கொண்டே வரலாம். முன்னால் போகிறவன் கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அதனால் முன்னால் போக இரண்டு பேருக்குமே மனம் வராது. முதல் இரண்டு சுற்று ஊர்ந்து போவார்கள், சாய்வின் உச்சிக்கு ஏறிக்கொள்வார்கள், சில சமயம் சைக்கிளை அப்படியே நிறுத்தி, கால் ஊன்றாமல், நின்ற இடத்திலேயே நிற்பார்கள். எதிராளி பொறுக்காமல் முன்னால் போய்விட மாட்டானா என்று இருவரும் காத்திருப்பார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்சின் த்ரொந்தேனும் இப்படியே 21 நிமிடம் 57 வினாடி நின்றிருக்கிறார்கள். நான்கு வருடம் கழித்து இத்தாலி நாட்டுப் போட்டியில் அதே பெட்டெனெல்லாவும் பியான்கெட்டோவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். பந்தயத்துக்கு வந்தவர்கள், முந்தக்கூடாது என்பதற்காக! இப்போது 30 வினாடிக்கு மேல் நிற்க விதி இடம் தருவதில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு வாலியின் வரம் நினைவுக்கு வந்தது. எதிரே வந்து போரிடுகிறவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்ச் சேரும். கம்பனில் அனுமன் இராமனிடம் சொல்லும் செய்தி இது. ஸ்பிரிண்ட் தளத்தில் அந்த வரம் தலைகீழாக வேலை செய்கிறது. எதிரே நிற்பவனின் பலத்தை யாராலும் எடுக்க முடியாது. பின்னால் வருகிறவன்தான் முன்னால் போகிறவனின் பலத்தைத் தனதாக்கிக்கொள்கிறான். அந்தத் தகப்பனாரின் கோபம் இதுதான். தன் மகனின் பலத்தை இன்னொருவன் தின்றுவிட்டான் என்கிறார். அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் அதற்குள் இருக்கிறது. ஆண்மகன் என்றால் முன்னால் நின்று மார்பைக் காட்ட வேண்டும், பின்னால் நிற்பது கோழையின் வேலை என்ற எண்ணம். வாலியின் குரலிலும் இதுதான் ஒலிக்கிறது.

கம்பன் இராமனைக் கடவுளாகவே பாடியவன். அவன் தன் கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, குற்றம் சாட்டுகிறவனுக்குப் பேசப் பேச இடம் கொடுக்கிறான். வாலி வதைப் படலத்தில் வாலியின் கேள்விகள் ஒவ்வொன்றும் அம்பாகத்தான் போகின்றன. நான் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் சந்நிதியில் கண்ணீர் விட்டுக் கும்பிடுகிறவன். ஆனாலும் அந்தப் பாடல்களைச் சொல்லும்போது என் குரல் வாலி பக்கம் சாய்வதை என்னால் தடுக்க முடிந்ததில்லை. பக்தன் தன் சாமியைக் கேள்வி கேட்கலாமா என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். கம்பனே கேட்டிருக்கும்போது கேட்காமல் இருப்பதுதான் பக்திக் குறைவு என்று நினைக்கிறேன்.

இராமன் ஏன் மறைந்து நின்றான் என்பதற்கு நம் பக்கத்துக் காலட்சேபங்களில் சொல்லும் சமாதானம் அந்த வரம்தான். நேரே போனால் இராமனின் பலத்தில் பாதி போய்விடுமாம். சர்வேசுவரனின் பலத்தை ஒரு வரம் பாதியாக்குமா? எனக்கு இந்தச் சமாதானம் ஒருநாளும் பிடித்ததில்லை. கம்பனும் இதைச் சொல்லவில்லை. அங்கே இலக்குவன்தான் பதில் தருகிறான். உன் தம்பி முதலில் சரண் புகுந்துவிட்டான். நேரில் வந்தால் நீயும் சரண் என்று விழுந்துவிடுவாயோ என்றுதான் மறைந்து நின்றார் என்கிறான். அழகான பதில். சரணாகதியின் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஒரு போரின் அறத்துக்கு இது பதிலாகுமா என்றால், ஆகாது.

பையனின் பந்தயத்தை வைத்து யோசித்தபோதுதான் வாலிக்கு நேர்ந்த அநியாயம் எது என்பது எனக்குத் துலங்கியது. இராமன் எங்கே நின்றான் என்பது பெரிய விஷயமே இல்லை. பக்கத்தில் நின்றிருந்தாலும், நேர் எதிரே ஒரு திரைக்குப் பின்னால் நின்றிருந்தாலும் குற்றம் ஒன்றுதான். வாலி தன் தம்பியோடு மட்டும் போரிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தான். களத்தில் மூன்றாவதாக ஒருவன் இருப்பது அவன் கணக்கிலேயே இல்லை. இராமன் துணையாக வந்திருக்கிறான் என்று தாரை எச்சரிக்கிறாள். அண்ணன் தம்பி சண்டைக்குள் அவன் அம்பு விடுவானா, அப்படிப்பட்டவன் இல்லை என்று வாலி அவளை அடக்குகிறான். எதிராளி மேல் வைத்த நம்பிக்கையோடு வந்தவனை அந்த நம்பிக்கை வழியாகவே வீழ்த்தியதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

ஸ்பிரிண்டில் அப்படி ஒரு மூன்றாவது ஆள் கிடையாது. யார் முன்னால் போக வேண்டும் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அப்படி முன்னால் போகிறவன் முதல் அரைச் சுற்றாவது நடை வேகத்துக்குக் குறையாமல் முன்னால் போயாக வேண்டும். பின்னால் ஒருவன் இருக்கிறான், தன் காற்றில்தான் வருகிறான், கடைசி வளைவில் பாயப் போகிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போகிறான். அடுத்த ஓட்டத்தில் இடம் மாறுகிறது. இந்த முறை முன்னால் போனவன் அடுத்த முறை பின்னால். ஆளுக்கு ஒன்று வென்றால் மூன்றாவது ஓட்டம், மறுபடியும் சீட்டு.

இந்த இடம் மாறும் விதியைப் பையன் சொன்னபோது சற்று நேரம் நான் பேசவில்லை. நம் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வாலி மறுபிறவியில் வேடனாகப் பிறந்தான், யாதவர் அழிந்த பிறகு மரத்தடியில் சாய்ந்திருந்த கண்ணனின் காலில் அவன்தான் அம்பெய்தான் என்பார்கள். கிஷ்கிந்தையில் எய்தவனுக்கு எல்லாம் தெரியும், எய்யப்பட்டவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மரத்தடியிலோ எய்த வேடனுக்கு ஒன்றும் தெரியாது, மான் என்று நினைத்துவிட்டான். எய்யப்பட்டவனுக்கு எல்லாம் தெரியும். வந்து கதறிய வேடனைத் தேற்றியும் அனுப்புகிறான். இந்தக் கதையைக் கட்டிய முன்னோர்கள் இலக்குவன் சொன்ன பதிலோடு நிறைவடையவில்லை. இடம் மாறி இன்னொரு ஓட்டம் நடந்தால்தான் கணக்கு நேராகும் என்று அவர்கள் மனம் கேட்டிருக்கிறது. கடவுளானாலும் முன்னால் போகும் முறை அவனுக்கும் வரும் என்று சொல்லத் துணிந்த மக்கள் அவர்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பாரதத்துக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். பீஷ்மர் மேல் அருச்சுனன் அம்பு விட்டது சிகண்டியின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான். முதுகில் ஒளிந்த கதை என்றால் இதைவிட வேறு வேண்டியதில்லை. ஆனாலும் வாலிக்கு அழுகிற சனம் பீஷ்மருக்காக அருச்சுனனைத் திட்டுவதில்லை. என்னை எப்படி வீழ்த்தலாம் என்று வழி சொன்னவரே பீஷ்மர்தான். சிகண்டி முன்னால் வரும்போதே பின்னால் யார் வருகிறான் என்று அவருக்குத் தெரியும். வில்லைத் தாழ்த்தியது அவருடைய தீர்மானம்.

துரியோதனன் கதை வேறு. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடியும் நாளில் படுகளம் நடக்கும். மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். வேடம் கட்டிய வீமன் அதைச் சுற்றிச் சுற்றி வருவான். தொடையில் அடி விழுந்ததும் பெண்கள் குலவை இடுவார்கள், அம்மன் கூந்தல் முடிப்பாள், பிறகு தீமிதி. சின்ன வயதில் அந்த மண் உருவத்தின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு முட்டை ஓடு வைத்திருந்தார்கள். அடி விழுந்ததும் எல்லோரும் மண்ணை அள்ளிக்கொண்டு போக, ஒரு கிழவர் மட்டும், “கதாயுத்தத்துல இடுப்புக்குக் கீழ அடிக்கக் கூடாதுடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்ததும் இதற்காகத்தான். வீமன் தன்னை மறைக்கவில்லை. முன்னாலேதான் நின்றான். மார்பைக் காட்டித்தான் நின்றான். ஆனால் இருவரும் ஒப்புக்கொண்ட விதியை உடைத்தான். முன்னால் நிற்பதால் மட்டும் ஒருவன் யோக்கியன் ஆகிவிடுவதில்லை என்பதற்கு அந்த மண் உருவம்தான் சாட்சி. சைக்கிள் தளத்திலும் இது உண்டு. பாய்ச்சல் தொடங்கிய பிறகு முன்னால் போகிறவன், உள்ளே இருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி வெளியே வந்து பின்னால் வருகிறவனை மறித்தால், கோட்டை முதலில் தொட்டாலும் நடுவர்கள் அவனைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

விதிக்குள் எதைச் செய்தாலும் அறம்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விதியே கோணலாக இருக்கலாம். வாலியின் வரத்தையே எடுத்துக்கொள்வோம். அது தேவர்களின் விதிப்படி வந்தது. எதிரே வந்தவனின் பலத்தில் பாதியை எடுத்துக்கொண்டு வாலி எத்தனை போர் வென்றிருப்பான்! அப்போதெல்லாம் இது சமமான போர்தானா என்று அவன் ஒரு தடவையும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் சமமில்லாத அம்பு தன் மார்பில் பட்டபோதுதான் அறம் பேசினான். அவன் பேசிய அறம் சரியானது. பேசியது தாமதம். என்றும் இடம் மாறாமல் ஒருவனுக்கே வாய்க்கிற சௌகரியம், வரமாக வந்தாலும் பிறப்பால் வந்தாலும் பதவியால் வந்தாலும், அறத்தோடு சேராது என்பதுதான் என் முடிவு. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சிலர் முன்னால் நின்று காற்றை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பின்னால் இருப்பவர்கள் ஒருநாளும் முன்னால் வருவதில்லை. பாவம் என்று சொல்ல வேண்டியது அதைத்தான்.

நம் நாட்டவர் ஓட்டிய ஸ்பிரிண்ட் ஒன்றையும் பையன் காட்டினான். டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தள அரங்கு. 2022 ஜூன், ஆசிய சாம்பியன்ஷிப் போட்டி. மணிப்பூரின் ரொனால்டோ சிங் இறுதிக்கு வந்துவிட்டார். எதிரே ஜப்பானின் கென்டோ யமசாகி. ஜப்பான் என்றால் சாதாரண நாடல்ல. கெய்ரின் என்னும் இன்னொரு சைக்கிள் பந்தயம் பிறந்த மண், 1977 முதல் 1986 வரை வருடம் தவறாமல் உலகத் தொழில்முறை ஸ்பிரிண்ட் பட்டத்தை வென்ற கோயிச்சி நாகானோவின் நாடு. ரொனால்டோ தோற்றார், வெள்ளி கிடைத்தது. ஆசியப் போட்டியின் பெரியவர் பிரிவில் இந்தியர் ஒருவர் அந்த உயரத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. யமசாகி மறைந்து வென்றார் என்று அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இருவருக்கும் ஒரே தளம், ஒரே விதி, மாறி மாறி வரும் முன்னிடம்.

அதே ரொனால்டோ 2019 ஆகஸ்டில், ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் ஆன் டேர் ஓடர் நகரில், இளையோர் உலகப் போட்டியின் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றவர். அந்தமான் நிக்கோபாரின் ஏசோ ஆல்பனும் மணிப்பூரின் ரோஜித் சிங்கும் உடன் ஓட்டினார்கள். இந்த டீம் ஸ்பிரிண்டைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு மனம் நிறைந்தது. மூன்று பேர், மூன்று சுற்று. முதல் ஆள் முழு மூச்சாக ஒரு சுற்று முன்னால் போய்க் காற்றை உடைப்பான். சுற்று முடிந்ததும் சாய்வில் மேலே ஒதுங்கிவிடுவான், அவன் வேலை அதோடு முடிந்தது. இரண்டாவது ஆள் அடுத்த சுற்று. கடைசி ஆள் மட்டும்தான் முடிவுக் கோட்டைத் தொடுவான். மற்ற இருவரும் பந்தயத்தின் முடிவில் ஓரமாக உருட்டிக்கொண்டிருப்பார்கள். பதக்கம் மூவருக்கும் ஒன்றே. தனி ஸ்பிரிண்டில் பறித்துக்கொண்ட அதே காற்று மறைவை இங்கே ஒருவன் இன்னொருவனுக்குக் கையில் எடுத்துக் கொடுக்கிறான்.

என் அப்பா சுரங்கத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவர். முதல் ஷிப்ட் முடிந்து நெய்வேலியிலிருந்து மேற்கே திரும்பும்போது ஆடி மாதம் என்றால் மேல்காற்று முகத்தில் அறையும். சுரங்கத்து மண்மேட்டிலிருந்து புழுதி வேறு. அவரும் ஊர்க்காரர் ஒருவரும் ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் வருவார்கள். மேட்டில் முன்னால் வந்தவர் களைத்தால் கையைக் காட்டுவார், மற்றவர் பேசாமல் முன்னால் போய்விடுவார். பின்னால் வந்ததற்காக யாரும் யாரையும் கோழை என்று சொல்லிக்கொண்டதில்லை.

பையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டேன்.

“நீ பின்னால வர்றது அந்தப் பையனுக்குத் தெரியுமா?”

“தெரியும்ங்க ஐயா. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் போனான்.”

“உன்னை முன்னால விட்டு அவன் பின்னால வந்தா நீ ஒத்துக்குவியா?”

“ரெண்டாவது ஓட்டத்துல நான்தானே முன்னால போனேன். அதுலயும் செயிச்சேன்” என்றான்.

அப்படியானால் அந்தத் தகப்பனாரைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வாதாட வேண்டாம், மகனோடு சேர்ந்து பயிற்சி எடுக்கலாமா என்று கேள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கேட்பான் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டிமன்றம் ஏற்பாடு செய்யும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வாலி வதைக்கு இன்னும் எத்தனை வருடம் ‘மறைந்து நின்றது சரியா, தவறா’ என்றே தலைப்பு வைப்பீர்கள்? எந்த இடத்தில் நின்றான் என்பதை விட்டுவிடுங்கள். ‘எதிராளி அறியாமல் களத்துக்குள் வரலாமா’ என்று அடுத்த முறை வையுங்கள். பேச நான் வருகிறேன், வாலி பக்கம்.